பிரேக் இல்லாத வண்டி

முதல் படகைப் பார்த்ததும் நைனா குனிந்து பிரேக்கைத் தேடினார். நான் பின்பக்கம் உட்கார்ந்து பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகை விற்க வந்தவர் புதுச்சேரிக்குப் பக்கத்துக் குப்பத்து மீனவர். ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் குனிந்தார்.

"இன்னாத்த தேடுறீங்க பெரியவரே?"

"பிரேக்கு."

"போட்டுக்கு ஏதுங்க பிரேக்கு?"

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூட வந்திருந்த கண்டக்டர் மாமா சும்மா இருக்கவில்லை. "அப்ப நிறுத்தணும்னா கால வெளிய தொங்கவுட்டு ஊனிக்கணுமா? சின்ன வயசுல சைக்கிள நிறுத்துவோமே, அப்பிடியா?"

மீனவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து நான்கு மணி நேரம் தூங்கியிருந்தேன். கையில் முப்பத்து நான்கு அம்சங்கள் கொண்ட பட்டியல் இருந்தது. ஏழாவது அம்சத்தில்தான் இருந்தேன்.

நைனா முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பத்தொன்பது வருடம் அவரோடு கண்டக்டராக இருந்தவர்தான் இந்த மாமா. செஞ்சியில் எங்களுக்கு அடுத்த தெரு. செஞ்சி–திண்டிவனம், செஞ்சி–அவலூர்பேட்டை என்று எந்தத் தடத்தில் போட்டாலும் இருவரையும் ஒன்றாகவே போடுவார்கள். ஒருவர் லீவு போட்டால் மற்றவரும் போட்டுவிடுவார் என்பது டிப்போவில் தெரிந்த விஷயம். பெருநாளன்று மாமாவுக்கு லீவு என்றால் நைனாவுக்கு அன்று வயிற்றுவலி வரும்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது கண் பரிசோதனையில் நைனாவுக்குக் கண் அழுத்த நோய் என்று சொன்னார்கள். நேரே இருப்பது நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்திருந்தது, முக்கியமாக இடதுபுறம். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல என்று டாக்டர் எனக்கு விளக்கினார். அதன்பின் நைனாவை ஸ்டியரிங்கில் உட்காரவிடவில்லை. டிப்போவில் டயர் எண்களைக் குறித்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற அன்று வீட்டு ஸ்கூட்டரின் சாவியைத் தானே எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"ரோட்ல நான் ஓட்டக் கூடாது பாப்பா. எனக்கே தெரியிது" என்றார். அவ்வளவுதான்.

படகு எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டிப்போ நண்பர்கள் நைனாவையும் கூட்டிக்கொண்டு ஒரு படகுத்துறைக்குச் சுற்றுலா போனார்கள். இவர் டிரைவர் என்று கேள்விப்பட்டு மோட்டார் படகு ஓட்டுபவர் இரண்டு நிமிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்த நைனா சாப்பிடும்போது சொன்னார்: "தண்ணில எதிர்ல லாரி வராது." அடுத்த நாள் அதையே இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் நாள் பழைய படகுகளின் படங்களைப் போனில் காட்டினார். மழை பெய்து நம் ஊர் ஏரி நிரம்பினால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். வீட்டாரும் டிப்போ ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றலாம். அதிகம் வேண்டாம், ஆறு பேர் உட்காரும் படகு போதும்.

அம்மா, "எனக்கு ஆட்டோல ஏறுனாலே தல சுத்துது. என்ன இந்தக் கணக்குல சேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சமெல்லாம் என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்கினாலும் நான் சரி என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்ததற்குக் கிடைத்த பதவி அது. மிக்ஸி, இன்வெர்ட்டர், சித்தப்பாவின் நிலத்துக்குப் போட்ட மோட்டார் எல்லாம் என் பார்வைக்கு வந்துதான் போயின. வேலையும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து ஏற்பதோ திருப்புவதோ என் பிரிவின் பொறுப்பு. நல்லதற்குப் பச்சைச் சீட்டு, சந்தேகம் என்றால் மஞ்சள், திருப்புவதற்குச் சிவப்பு. வாரத்தில் ஆறு நாள் சீட்டு ஒட்டிவிட்டு ஏழாவது நாளும் வந்து சீட்டு ஒட்டினால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

முதல் படகு உண்மையில் நல்ல படகு. ஃபைபரில் விரிசல் இல்லை, ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுதான், அதையும் அவரே காட்டினார். இன்ஜின் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. ஆனால் அதில் ஸ்டியரிங் கிடையாது. பின்னால் உட்கார்ந்து இன்ஜினோடு சேர்ந்த கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். நைனா அதை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது இன்னா, மாவாட்டுற மாதிரி இருக்குது."

"நைனா, முப்பத்து நாலுல முப்பத்தொண்ணு சரியா இருக்குது. இதவிட நல்லது கெடைக்காது."

"நல்ல போட்டுதான். நான் வேணாம்னு சொல்லல." சொல்லிக்கொண்டே அவர் கரையேறிவிட்டார். நான் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். முப்பத்தைந்து: ஸ்டியரிங்.

இரண்டாவது படகை மரக்காணம் பக்கம் ஒரு பழைய விடுதியின் பின்புறம் பார்த்தோம். அதில் ஸ்டியரிங் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு ரெக்சினும் தைத்திருந்தார்கள். விற்பவர், "ஒரே ஓனர் வண்டிங்க, லேடீஸ் ஓட்டுனது" என்றார். நைனா அதற்குள் சீட்டில் உட்கார்ந்து முதுகைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பின்னால் போய் ஸ்பேனரின் பிடியால் இன்ஜின் தொங்கும் பலகையைத் தட்டினேன். நல்ல பலகை டொக்கென்று சொல்லும். இது ஈரச் சாக்கைத் தட்டியதுபோலப் பதில் சொன்னது. உள்ளே மரம் ஊறிப் போயிருந்தது. முழு வேகத்தில் போனால் ஒருநாள் இன்ஜின் பலகையோடு கழன்று தண்ணீருக்குள் போகும். நைனாவிடம் சொல்ல முன்பக்கம் வந்தேன். இரண்டு கைகளையும் சக்கரத்தின் மேல் வைத்து, ஓடாத படகில், விடுதியின் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, செவப்பு சீட்டா?"

"ஆமா நைனா."

"சரி." இறங்கும்போது அந்த ரெக்சினை ஒருதரம் தடவிவிட்டு இறங்கினார்.

இதற்கு நடுவில் ஏரியில் மோட்டார் படகு விட அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "எதுக்கும்மா? மீன் புடிக்கவா?" என்றார்.

"இல்ல சார். சும்மா சுத்தறதுக்கு."

"சும்மாவா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்து மேசைக்காரரிடம், "சும்மா சுத்தறதுக்காம்" என்றார். பிறகு வாங்கி வைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து நிபந்தனையோடு அனுமதி வந்தது. மீன் குத்தகைக்காரரின் வலை இருக்கும் கிழக்குப் பக்கம் போகக் கூடாது, எல்லோரும் மிதவைச் சட்டை போட வேண்டும், மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். படகை யார் ஓட்டுவது என்று அவர்களும் கேட்கவில்லை, என் பட்டியலும் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே அந்த வரியை எழுதாமல் வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது படகு கடலூர்ப் பக்கம் ஒரு கழிமுகத்தில் கிடந்தது. ஆறு பேர் படகு, வெள்ளை அடித்தது, ஸ்டியரிங் உள்ளது. பலகை டொக்கென்றது. இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. கியர் ஆயிலை மட்டும் திறந்து பார்த்தால் பால் கலந்த டீ நிறம். தண்ணீர் உள்ளே போகிறது, சீல் மாற்றினால் சரியாகிவிடும். ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

படகுக்காரர் கரையிலிருந்து வெளியே கொண்டுபோய், அகலமான இடம் வந்ததும் எழுந்து நைனாவுக்கு இடம் கொடுத்தார். வேகத்துக்கும் நிறுத்தத்துக்கும் ஒரே கைப்பிடி, முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் குறையும் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். நைனா தலையாட்டினார். உட்கார்ந்தவுடன் அவர் கை மேலே போய், இல்லாத கண்ணாடியைத் திருப்பப் பார்த்தது. கண்டக்டர் மாமா பின்சீட்டில் இடது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "செஞ்சி, வல்லம், திண்டிவனம் எல்லாம் ஏறு ஏறு" என்றார். சாவிக்கொத்தில் இன்னும் மாட்டி வைத்திருந்த பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

நைனா கிளம்பினார். ஐந்து நிமிடம் இருக்கும். நான் பின்னால் திரும்பி, குளிரூட்டும் தண்ணீர் இன்ஜினிலிருந்து கயிறுபோல ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்வு எவ்வளவு, சத்தம் மாறுகிறதா, புகை என்ன நிறம் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அதனால் இடதுபுறத்திலிருந்து துடுப்புப் போட்டுக்கொண்டு வந்த சின்னப் படகை நான் பார்க்கவில்லை. நைனாவும் பார்க்கவில்லை. மாமா பார்த்தார். ஒரே ஒரு விசில் ஊதினார்.

ஒரு விசில் என்றால் நிறுத்து. நைனா நிறுத்தினார். அதாவது அவருடைய வலது கால் படகின் தரையைப் பலங்கொண்டு மிதித்தது. படகு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கை கைப்பிடியின் மேலேயே இருந்தது, முன்னால் தள்ளியபடி. கால் இன்னும் அழுத்தி மிதித்தது. படகுக்காரர் தாவி வந்து கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். படகின் மூக்கு தண்ணீரில் இறங்கியது, நாங்கள் கிளப்பிவிட்டு வந்த அலை பின்னாலிருந்து வந்து எங்களையே ஒருமுறை தூக்கிப் போட்டது. சின்னப் படகு ஒரு துடுப்பு நீளத்தில் எங்களைக் கடந்தது. அதில் வலையோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"யோவ், கண்ணு இன்னா பொட்டையா? ஆளு வர்றது தெரியல?"

நைனா இரண்டு கைகளையும் கூப்பினார். "தப்பு என்னுதும்மா. தெரியலம்மா" என்றார்.

திரும்பும்போது படகுக்காரர்தான் ஓட்டினார்.

திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினோம். வழக்கமாக நைனா டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். அன்று பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "நான் விசிலே ஊதியிருக்கக் கூடாது. கைய இழுன்னு கத்தியிருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். வல்லம் தாண்டியதும் நைனா என் பக்கம் திரும்பினார்.

"வேணாம் பாப்பா. செவப்பு சீட்டு ஒட்டிடு."

"போட்டு நல்லாத்தான் இருக்குது நைனா."

"போட்டுக்கு இல்ல. எனக்கு."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைக்கும். ஆறு ஞாயிறு பஸ்ஸிலும் வெயிலிலும் போயிருந்தன. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். என் உடம்பு அதைத்தான் கேட்டது. ஆனால் எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்றைத் திருப்பும்போது காரணத்தை எழுத வேண்டும். "சரியில்லை" என்று எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எது தவறியது, எங்கே தவறியது என்று எழுத வேண்டும். செஞ்சி வரும்வரை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

நைனாவுக்குத் தெரியவில்லை, உண்மை. ஆனால் மாமாவுக்குத் தெரிந்தது, நேரத்தோடு தெரிந்தது. விசிலும் நேரத்தோடு வந்தது. விசிலுக்கும் நைனாவின் காலுக்கும் நடுவில் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பஸ்ஸாக இருந்திருந்தால் நின்றிருக்கும். கண் தவறவில்லை. ஏனென்றால் இடதுபுறம் நைனாவின் கண் என்றைக்கும் மாமாதான். முப்பது பேர் படியில் தொங்கும் பஸ்ஸில் எந்த டிரைவருக்கு இடதுபுறம் முழுதாகத் தெரிந்திருக்கிறது? அன்று தவறியது ஒன்றே ஒன்று. கை செய்ய வேண்டியதைக் கால் செய்தது.

அடுத்த வாரம் காயலான் கடையில் ஒரு கைநெம்புகோல் வாங்கி வந்தேன். பலகையில் அடித்து, கொல்லையில் நாற்காலிக்கு வலப்பக்கம் பொருத்தினேன். நைனாவை உட்காரவைத்தேன். மாமா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊத வேண்டும். இரண்டு விசிலுக்கு முன்னால் தள்ளு, ஒரு விசிலுக்குப் பின்னால் இழு. நைனா, "நான் இன்னா சின்னப் புள்ளயா?" என்றார். ஆனாலும் உட்கார்ந்தார்.

நான் நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்று கைக்கு, ஒன்று காலுக்கு. முதல் ஞாயிறு, நிறுத்தச் சொன்ன நாற்பது விசிலில் கை பதினொரு முறைதான் வந்தது. கால் நாற்பது முறையும் வந்தது. நாற்காலியின் முன்கால் ஆடிப்போனது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன். குக்கர் எத்தினி விசில் அடிச்சிதுன்னே தெரியல. பருப்பு கொழஞ்சி கூழாப் போச்சி."

மாமா, "அது எக்ஸ்பிரஸ் விசில், அக்கா. நம்மளுது டவுன் பஸ்ஸு" என்றார். அன்று எல்லோரும் கூழாகிப்போன பருப்பைத்தான் சாப்பிட்டோம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாற்காலியைத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். நான் இல்லாத நாட்களிலும் இருவரும் பழகியிருக்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். ஏழாவது ஞாயிறு கை நாற்பதுக்கு நாற்பது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கால் பத்தியில் மாற்றமே இல்லை. ஒவ்வொரு விசிலுக்கும் கை இழுத்தது, கூடவே காலும் மிதித்தது.

"கால இன்னா பண்ணியும் நிறுத்த முடியல பாப்பா" என்றார் நைனா. தோற்றுப்போனவர் குரல்.

தொழிற்சாலையில் நான்காவதாக ஒரு வழியும் உண்டு. வரைபடத்தின்படி இல்லாத, ஆனால் பயன்படக்கூடிய பாகத்தை, காரணம் எழுதி, நிபந்தனை எழுதி, விலக்கோடு ஏற்கலாம். கையெழுத்துப் போட்டவர் பேரில் அது கடைசிவரை நிற்கும். நாளைக்கு எது நடந்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அதனால் வேலையில் ஒருமுறையும் நான் அதைச் செய்ததில்லை. அன்று இரவு நோட்டில் எழுதினேன். மாமா இடது ஓரத்தில் இல்லாமல் படகு கிளம்பக் கூடாது. காலை வெளிச்சத்தில் மட்டும். குழந்தைகள் குளிக்கும் படித்துறைப் பக்கம் போகக் கூடாது. இன்ஜினை அணைக்கும் கயிறு ஒன்று ஓட்டுபவர் கையில் இருக்கும், அதேபோல் இரண்டாவது கயிறு ஒன்று மாமாவின் மணிக்கட்டில். கீழே கையெழுத்துப் போட்டேன். பெருமையாக எதுவும் தோன்றவில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் இதுவும் என்னுடையது என்று மட்டும் தோன்றியது.

மூன்றாவது படகையே வாங்கினோம். சீலை நானே மாற்றினேன். கார்த்திகையில் ஏரி நிரம்பி கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் டிராக்டரில் ஏற்றி இறக்கினோம். மழைக்கு முன்னால் ஏரி காய்ந்து கிடந்தபோதே நடந்து பார்த்து, வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் இருக்கும் இடங்களில் மூங்கில் நட்டு வைத்திருந்தேன். மூங்கிலின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மாமா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த டயருக்கு அடியில் வைப்பது என்று படகைச் சுற்றி வந்தார். கடைசியில் டிராக்டர் டயருக்கு வைத்து நசுக்கினார்கள்.

"ரெண்டாவது கயிறு எனக்கா? கயித்த இழுத்து மணியடிக்கிற கேரளா பஸ்ஸு மாதிரி ஆக்கிட்டியே பாப்பா" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் மாட்டினார். இரண்டு விசில் ஊதினார்.

நைனா கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளினார். டிப்போ நண்பர்கள் இருவரும் நானும் நடுவில் இருந்தோம். அம்மா கரையில், மேட்டில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கோட்டை மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தது. நான் நோட்டை மடியில் வைத்திருந்தேன், இடதுபுறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடு ஏரியில் ஒரு நீர்க்காகக் கூட்டம். இடதுபுறம், மூங்கிலுக்குப் பக்கத்தில், எருமை ஒன்று நீந்தி வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு விசில் கேட்டது. கை பின்னால் வந்தது. இன்ஜின் தணிந்தது. கூடவே நைனாவின் வலது கால் தரையைத் தொம்மென்று மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. மிதித்துக்கொள்ளட்டும். படகு நின்றது. எருமை எங்களைப் பார்க்காமலேயே கடந்து போனது.

"ரைட்" என்றார் மாமா. இரண்டு விசில்.

அதற்கப்புறம் நான் மிதவைச் சட்டைக் கழுத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதும் வரும் தூக்கம் அது. முன்னால் ஒருவர் ஓட்டுகிறார், பின்னால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்.

"பாப்பா, தூங்கிட்டா எறங்க வேண்டிய எடம் போயிடும்" என்றார் மாமா.

"எங்கியும் எறங்க வேணாம் மாமா" என்றேன்.